இரண்டு சுற்று

தூண்டில்காரர் தங்கூசி இழையை விரலில் சுற்றுவதில்லை. சுட்டுவிரலின் மேல் சும்மா போட்டிருப்பார்கள். மீன் இழுத்தால் இழை வழுகி ஓடும். குருநகரில் எல்லாருக்கும் இது தெரியும். எமில்ராஜுக்கும் தெரியும்.

அவன் இரண்டு சுற்றுச் சுற்றினான்.

மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொரு நாள் காலையும் அப்படித்தான். கயாக் என்ற ஒற்றையாள் படகில் கால்களை நீட்டி உட்கார்ந்து, றாலைத் தூண்டிலில் கொளுவி எறிந்து, இழையை இடது கைச் சுட்டுவிரலில் இரண்டு தரம் சுற்றுவான். மீன் தட்டினால் விரல் நோகும். நொந்தால் நினைவு தன்னிடம் இருக்கிறது என்று பொருள். மீன் பிடிபடுவது இரண்டாவது விஷயம்.

சனவரி இருபத்தாறில் அவன் மச்சான் ஜெரிசனின் போட்டில் விழுந்தான். வலை ஓடிக்கொண்டிருந்த நேரம். விழுந்தது அவனுக்கு நினைவில் இல்லை. கூட வேலை செய்யும் தனோஜன் ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்தான். மற்றக் கை வலைக்கயிற்றுக்கும் போட்டின் விளிம்புக்கும் இடையில் போனது. அந்தக் கையில் இப்போது மூன்று விரல்கள். தனோஜனுக்கு இருபத்தாறு வயது. அவன் அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை.

பெரியாஸ்பத்திரியில் வலிப்பு என்றார்கள். குளிசை தந்தார்கள். கடல் வேண்டாம், மோட்டார் சைக்கிள் வேண்டாம், கிணற்றடியில் கவனம் என்றார்கள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அதை ஜெரிசன்தான் சொன்னான்.

“ஆறு மாதம் உது வராமல் இருக்கட்டும். யாகப்பர் கோயில் திருநாள் முடிஞ்ச அடுத்த நாள் ஏறு. அதுக்கு முன்னம் போட்டுப் பக்கம் வந்தாயெண்டால் காலை முறிப்பன்.”

ஜெரிசன் எமில்ராஜின் மனைவி றஜனியின் தமையன். சொன்னால் செய்வான்.

றஜனி கோயில் கலண்டரை எடுத்து அடுப்படிச் சுவரில் கொளுவினாள். ஒவ்வொரு நாளும் படுக்கப் போகுமுன் நீலப் பேனையால் ஒரு கட்டத்தைக் கீறினாள். எமில்ராஜ் அதைப் பார்க்காதவன் போல இருந்தான். வீட்டில் அவனால் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனான், வந்தான். இறங்குதுறைக்கு ஒரு சந்து தள்ளி நின்று போட்டுகள் வெளிக்கிடுவதைப் பார்த்தான். கதவின் பிணைச்சலைக் கழற்றிப் பூட்டினான். மறுபடி கழற்றினான்.

“எங்கையாவது போங்கோ,” என்றாள் றஜனி. “கதவாவது மிஞ்சட்டும்.”

கொழும்புத்துறைக் கரையில் புதிதாக ஒரு விடுதி. முதலாளி சுவிசில் இருந்தார். மூன்று செம்மஞ்சள் கயாக்குகள் வாங்கி விட்டிருந்தார். அவற்றைக் கழுவ, வருகிறவர்களை ஏற்றி இறக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. எமில்ராஜ் சைக்கிளில் போய் வேலை கேட்டான். வலிப்பைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பத்து மணிக்குப் பிறகுதான் விருந்தினர் எழும்புவார்கள். அதுவரைக்கும் கயாக் சும்மா கிடந்தது.

“நெஞ்சளவு தண்ணி,” என்று றஜனிக்குச் சொன்னான். “உதை ஆர் கடல் எண்டு சொன்னது?”

“ஏழு மணிக்குப் போன் எடுப்பன். எடுத்தவுடனை ஓம் எண்டு சொல்லோணும்.”

நூற்றுச் சொச்சம் காலைகள் அவன் ஓம் என்று சொன்னான்.

*

யூலை பதினைந்து. திருநாளுக்குப் பத்து நாள் இருந்தது.

தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று இன்னும் எழும்பவில்லை. எமில்ராஜ் கயாக்கைத் தண்ணீருக்கு இழுத்தான். விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கும் ஆரணி வெளியே வந்தாள். புத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். கையில் ஒரு லைஃப் ஜக்கெற்.

“அண்ணை, இதைப் போட்டிட்டுப் போங்கோ. முதலாளி கமராவிலை பாக்கிறார்.”

“அங்கை இப்ப நடுச்சாமம் பிள்ளை. அந்த மனிசன் நித்திரை கொள்ளட்டும்.”

“அவர் நித்திரை கொள்ளுற ஆள் இல்லை. நேற்று மூண்டு மணிக்கு எனக்கு மெசேச், வாழைக்குத் தண்ணி விட்டதோ எண்டு.”

அவன் ஜக்கெற்றை வாங்கினான். இருக்கையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான்.

“உதுக்கே தந்தனான்?” என்றாள் ஆரணி.

“நல்ல மெத்தை,” என்றான்.

நண்டு வலை எடுத்துக்கொண்டு ஒரு வள்ளம் எதிரே வந்தது. அதிலிருந்த றமேஸ் துடுப்பை நிறுத்திச் சிரித்தான்.

“எமில், வெள்ளைக்காரற்றை செருப்பிலை எங்கை வெளிக்கிட்டாய்? மற்றக் கால்ச் செருப்பு எங்கை?”

“உன்ரை வீட்டு வாசல்லை விட்டிட்டு வந்தனான். போய்ப் பார்.”

றமேஸ் கெட்ட வார்த்தை ஒன்றைச் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டு போனான்.

பாசையூர்க் கோயில் கோபுரம் கொழும்புத்துறை இறங்குதுறையின் முனைக்கு நேரே வரும்வரை எமில்ராஜ் துடுப்பு வலித்தான். அந்த இடத்தில் அடியில் கல் உண்டு. கொடுவா மீன் நிற்கும். போனை எடுத்துப் பார்த்தான். ஆறு நாற்பது. பிளாஸ்ரிக் பையில் சுற்றி மடிக்குள் வைத்தான். றாலைக் கொளுவினான். எறிந்தான். இரண்டு சுற்று.

பத்து நாள். பதினோராம் நாள் போட்டின் பின்பக்கம் நிற்பான். வலை ஓடும். அந்தச் சத்தம். இந்தத் தொட்டிக்குள் அடக்கிவைத்த கால்களை விரித்து நிற்பான். பாதத்தால் தட்டினான். கயாக் ஆடியது. நிறுத்தினான். மறுபடி தட்டினான். தென்மேற்கில் தண்ணீர் கறுத்தது. காற்று வரப்போகிறது.

*

கயாக் எதிலோ இடித்துக்கொண்டிருந்தது.

மரக் கம்பு. பக்கத்தில் இன்னொன்று. சிறகுவலைக் கம்புகள். அரியாலைப் பக்கத்தில் ஆரோ கட்டியிருக்கிற வலை. எமில்ராஜ் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவை ஏன் தனக்கு முன்னால் நிற்கின்றன என்று யோசித்தான். காற்று நன்றாக எழும்பியிருந்தது. கோபுரத்தைத் தேடினான். அது இறங்குதுறையை விட்டு விலகி வேறெங்கோ நின்றது.

நித்திரை, என்று நினைத்தான். காற்று தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. இரவு முழுக்கப் படுக்கவில்லை. நித்திரைதான்.

தொப்பி இல்லை. காற்றில் போயிருக்கும்.

காற்சட்டை நனைந்திருந்தது. கயாக்கில் எப்போதும் நனையும்.

துடுப்பு காலடியில் கிடந்தது. அது நல்லது. மடிக்குள் இருந்து போனை எடுத்தான். ஏழு இருபத்திரண்டு. றஜனி மூன்று தரம் எடுத்திருந்தாள். காற்றில் கேட்டிருக்காது.

அப்போதுதான் போனில் இரத்தத்தைக் கண்டான். பிறகு கையை.

இழை இரண்டு வளையமாக விரலுக்குள் இறங்கியிருந்தது. ஒரு வளையம் தோலோடு நின்றது. மற்றது வெள்ளையாகத் தெரிகிற இடம்வரை போயிருந்தது. கையிலிருந்து இழை கம்புக்குப் போய், அதைச் சுற்றி, தண்ணீருக்குள் போனது. அந்த முனையில் ஏதோ பெரிதாக, களைத்து, மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது.

அவன் வெகுநேரம் கையைப் பார்த்தான்.

நித்திரை கொள்கிறவன் இதற்கு எழும்புவான். செத்த நித்திரை என்றாலும் எழும்புவான். அதற்காகத்தான் சுற்றியது.

சுற்றைக் கழற்றினான். இழையை மற்றக் கையில் பிடித்துக் கம்பைச் சுற்றிக் கயாக்கைத் திருப்பினான். மீன் பக்கவாட்டில் மிதந்து வந்தது. கொடுவா. அவன் காலின் நீளத்துக்கு இருந்தது. செவிளுக்குள் கை விட்டு மடியில் இழுத்துப் போட்டான். அது இரண்டு தரம் வாலை அடித்தது. கயாக் கவிழப் பார்த்தது. கவிழவில்லை.

போன் அடித்தது.

“ஓம்,” என்றான்.

“என்ன ஓம்? எத்தினை தரம் எடுக்கிறது? இஞ்சை நான் செருப்பும் போட்டிட்டு நிக்கிறன்.”

“மீன் கொளுவினது.”

“ஏழு மணியிலை இருந்தோ?”

“பெரிய மீன் றஜனி. கொடுவா. ஏழெட்டுக் கிலோ வரும்.”

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு சிரித்தாள். ஆறு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்கவில்லை.

கரையில் ஆரணி மீனைப் படம் எடுத்தாள். அன்று விரதம், மீனைத் தொடமாட்டேன் என்றாள். விரலைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி கிழித்துத் தந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.”

“தூண்டில் வெட்டு. எல்லாருக்கும் வாறதுதான்.”

*

மீன் வீட்டுக்கு வருமுன் அதன் படம் வந்துவிட்டது. ஜெரிசன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். மீனை வாலில் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். வைத்தான். இன்னொரு தரம் தூக்கினான்.

“அந்தக் குளிக்கிற தொட்டியிலை இருந்தே உதைப் பிடிச்சனீ?”

“ஓம் மச்சான்.”

“தனிய?”

“வேறை ஆர் அதிலை ஏறுறது.”

ஜெரிசன் றஜனியிடம் திரும்பினான். “உன்ரை மனிசன் தேறிட்டான். கை பழைய கைதான்.” பிறகு எமில்ராஜிடம், “பிலிப்பு அண்ணை காய்ச்சலிலை கிடக்கிறார். நானும் தனோஜனும்தான் மிச்சம். இண்டைக்கு மூண்டு மணிக்கு வா.”

அடுப்படியில் றஜனி கத்தியை வைக்கும் சத்தம் கேட்டது.

“திருநாளுக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு,” என்றான் எமில்ராஜ்.

“பத்து நாளுக்காக யாகப்பர் வாளைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார். ஆறு மாதத்திலை உது ஒருக்காவும் வரேல்லைத்தானே?”

எமில்ராஜ் வாயைத் திறந்தான். மீனின் கண்ணில் ஒரு ஈ இருந்தது. அதை ஓட்டினான்.

“இல்லை,” என்றான்.

ஜெரிசன் அவன் முதுகில் அடித்தான். கடைசியாக அப்படி அடித்தது சனவரிக்கு முன்.

அவன் போனபின் றஜனி வந்து நின்றாள். கையில் செதில் ஒட்டியிருந்தது.

“ஒண்டுமில்லைத்தானே?”

“ஒண்டுமில்லை.”

“விரலைக் காட்டுங்கோ.”

“கட்டுப் போட்டிருக்கு. அவிழ்த்தால் இரத்தம் வரும்.”

அவள் கொடுவாவின் நடுத்துண்டைப் பொரித்தாள். தலையைக் குழம்பு வைத்தாள். சாப்பாட்டுப் பெட்டியில் மூன்று பேருக்கு அடைத்தாள். எமில்ராஜ் வாசலுக்குப் போனான், வந்தான். பிணைச்சலைத் தொட்டான். இரண்டு மணிக்கு வெளிக்கிட்டான். இறங்குதுறைக்குப் பத்து நிமிட நடை.

*

ஜெரிசன் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். தனோஜன் போட்டின் முன்பக்கத்தில் வலையைச் சீர் செய்துகொண்டு இருந்தான். மூன்று விரல் கையால் வலையை இழுத்து மற்றக் கையால் மடித்தான். எமில்ராஜைக் கண்டதும் எழும்பினான்.

“வாங்கோ அண்ணை. கொடுவா ராசா.”

“உன்ரை பங்கு பெட்டிக்கை கிடக்கு.”

“தலையோ?”

“தலை உன்ரை முதலாளிக்கு.”

“அவருக்கு ஏற்கெனவே தலை பெருத்துத்தானே கிடக்கு.”

“எனக்குக் கேக்குது,” என்று கரையிலிருந்து ஜெரிசன் சொன்னான்.

எமில்ராஜ் போட்டில் இறங்கினான். கால்கள் தாமாக அகன்று நின்றன. பலகை பாதத்துக்குக் கீழே ஏறி இறங்கியது. எண்ணெய் மணம். வலை மணம். காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று உள்ளே கொஞ்ச நேரம் அடங்கியது. பின்பக்கம் போனான். அவன் நிற்கும் இடம். வலை ஓடும் இடம்.

தனோஜன் ஒரு பெட்டியோடு வந்தான். உள்ளே பஞ்சு, கட்டுத்துணி, மருந்துப் போத்தல். சனவரிக்குப் பிறகு வாங்கியது.

“உந்தத் துணியோடை உப்புத்தண்ணிக்கை கை வைச்சால் அழுகிப் போம். தாங்கோ.”

“வேண்டாமடா.”

“தாங்கோ அண்ணை.”

தனோஜன் துணியை அவிழ்த்தான். கடைசிச் சுற்று ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு எடுத்தான். விரலைத் திருப்பிப் பார்த்தான். கீழ்ப்பக்கமும் பார்த்தான்.

“ரெண்டு சுத்து,” என்றான்.

“தொட்டியிலை இழையை வைக்க இடமில்லை.”

“கொளுவேக்கை கழட்டேல்லையோ?”

“நேரம் கிடைக்கேல்லை.”

தனோஜன் பஞ்சை நனைத்தான். “கொடுவா கொளுவினவுடனை மேலை பாயுமே. நல்லாப் பாஞ்சதோ?”

“பாஞ்சிருக்கும்,” என்றான் எமில்ராஜ்.

தனோஜனின் கை நின்றது.

கரையில் ஜெரிசன் ஆரையோ ஏசிக்கொண்டிருந்தான். ஐஸ் காணாது என்று. ஒரு காகம் பக்கத்துப் போட்டில் இருந்து இவர்களின் பெட்டியைப் பார்த்தது.

தனோஜன் காயத்தைத் துடைத்தான். கட்டுத்துணியைச் சுற்றினான். மெதுவாக, ஒழுங்காகச் சுற்றினான். முனையைப் பல்லால் கிழித்து முடிந்தான். எமில்ராஜின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

“சரி,” என்றான். “இண்டைக்கு நான் உங்களுக்குப் பக்கத்திலை நிக்கிறன்.”

“நீ முன்னுக்கல்லோ.”

“இண்டைக்குப் பின்னுக்கு.”

அவன் முன்பக்கம் போய்த் தன் பையையும் மழைக்கோட்டையும் எடுத்துவந்து பின்பக்கப் பலகைக்குக் கீழே வைத்தான். சனவரியில் நின்ற அதே இடத்தில், எமில்ராஜின் வலது பக்கம், நின்று பார்த்தான். கை எட்டுகிறதா என்று பார்ப்பவன் போல.

ஜெரிசன் ஏறி எஞ்சினை இழுத்தான். மூன்றாம் இழுவையில் பிடித்தது.

“எமில், கயிறு!”

கயிறு அவிழ்ப்பது எப்போதும் எமில்ராஜின் வேலை. அவன் கரையில் ஏறினான். கட்டையிலிருந்து கயிற்றை அவிழ்த்தான். சுருட்டினான். போட்டுக்கும் கரைக்கும் இடையில் தண்ணீர் ஒரு அடி அகலத்துக்குத் தெரிந்தது.

அவன் கயிற்றை எறிந்தான். தனோஜன் பிடித்தான். மூன்று விரலால் பிடித்தான்.

“ஏறடா,” என்றான் ஜெரிசன்.

இரண்டு அடி.

“என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? பாய்!”

“மச்சான், விடியக் கடலிலை வந்தது.”

“என்ன வந்தது?”

“வந்தது.”

ஜெரிசன் எஞ்சினைத் தணித்தான். போட் நகராமல் ஆடியது.

“ஆர் கண்டது?”

“ஒருத்தரும் காணேல்லை.”

“அப்ப நித்திரையா இருக்கும். விசரா, நித்திரை கொண்டிருப்பாய்.”

எமில்ராஜ் கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டினான். “இது எழுப்பேல்லை. கொடுவா பாஞ்சதையும் நான் காணேல்லை.”

ஜெரிசன் தனோஜனைப் பார்த்தான். தனோஜன் கயிற்றை மடித்துக்கொண்டிருந்தான்.

“உனக்குத் தெரியுமே?”

தனோஜன் மடித்த கயிற்றைப் பலகைக்குக் கீழே வைத்தான்.

ஜெரிசன் கடலைப் பார்த்துக் கத்தினான். எமில்ராஜையும், கொடுவாவையும், பிலிப்பு அண்ணையின் காய்ச்சலையும், சுவிஸ்காரனின் தொட்டியையும் திட்டினான். ஐஸ் ஏற்றியாச்சு என்றான். ரெண்டு பேர் எப்படி வலை இழுக்கிறது என்றான். அடங்கியபின் எமில்ராஜைப் பார்த்தான். முகத்தில் கோபம் குறைவாகத்தான் இருந்தது.

“வீட்டை வந்து நான் கேக்கேக்கை இல்லை எண்டனி.”

“ஓம்.”

“என்ரை முகத்தைப் பாத்துச் சொன்னனி.”

“ஓம் மச்சான்.”

“பாதி வலை விடுவம் அண்ணை,” என்றான் தனோஜன். “பாதி வலை ரெண்டு பேருக்குக் காணும்.”

அவன் பையையும் மழைக்கோட்டையும் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனான். ஜெரிசன் எஞ்சினைக் கூட்டினான். போட் திரும்பியது. போகும்போது தனோஜன் கையைத் தூக்கினான். ஜெரிசன் தூக்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டி எஞ்சினுக்குப் பக்கத்தில் நீலமாகத் தெரிந்தது.

போன் அடித்தது.

“வெளிக்கிட்டுட்டியளோ?”

“போட் வெளிக்கிட்டுட்டுது.”

“நீங்கள்?”

“கரையிலை.”

எஞ்சின் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். அது குறைந்துகொண்டு போவதும்.

“காலமை நான் ஏழு மணிக்கு எடுக்கேக்கை,” என்றாள் றஜனி. முடிக்கவில்லை.

“ஓம்,” என்றான்.

அவள் எதையோ தள்ளி வைத்தாள். கதிரையாக இருக்கும்.

“இண்டையான் நாளை நான் இன்னும் கீறேல்லை.”

“கீறாதை.”

“மற்றதுகள் எல்லாம் கீறிக் கிடக்கே.”

“நாளையிலை இருந்து வேறை நிறப் பேனை எடு.”

அவள் அழுகிறாளா என்று கேட்டுப் பார்த்தான். தெரியவில்லை. குழாயில் தண்ணீர் ஓடியது.

“வீட்டை வாங்கோ.”

“வாறன்.”

போனைப் பைக்குள் வைத்தான். இறங்குதுறையின் முனைவரை நடந்தான். போட் தீவுப் பக்கமாகத் திரும்பிச் சிறுத்திருந்தது. பின்பக்கத்தில் ஒருவரும் இல்லை. திரும்பி வீதிவரை நடந்தான். மறுபடி முனைக்கு நடந்தான்.